ஆட்டம் கண்ட நெம்புகோல்

ஓசைகளுக்குப் பெயரிடுவதில் நம் தமிழ்மொழிக்கு நிகர் அரிது. ஓடை சலசலக்கிறது, இடி கடகடக்கிறது, குளிரில் உடல் கிடுகிடுக்கிறது. இரட்டைக்கிளவி என்று இலக்கணம் வகுத்த முன்னோர், இச்சொற்கள் இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தரா என்றும் உரைத்தனர். இந்த வரிசையில் பாமர மக்களின் நாவில் வழங்கும் ஒரு சொல் உண்டு: 'லொடலொட'. அகராதிக்காரர் தயங்கினும் பட்டறைக்காரர் தயங்குவதில்லை. இறுகப் பிணைந்திருக்க வேண்டிய இரண்டு பொருள்கள், தம்முள் இடைவெளி கண்டு ஒன்றோடொன்று மோதும்போது எழும் ஓசைக்கு இதனினும் பொருத்தமான சொல் நமக்குக் கிட்டவில்லை.

இச்சொல்லின் முழுப்பொருளை நாம் உணர்ந்தது மேல்சித்தாமூரில், ஒரு பழைய ஜீப் வண்டியின் அடித்தளத்தில் நின்ற ஓர் இரும்புக் கோலின் வாயிலாக ஆகும்.

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமையிடம். சினகாஞ்சி மடம் இங்கே அமைந்துள்ளது. பார்சுவநாதர் திருக்கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற மலைநாதர் கோயிலும் இவ்வூரின் பெருமைகள். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாகப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு தமிழ் எழுத்து வரலாற்றில் தனியிடம் பெற்றது. இத்தகைய மண்ணில் வாழும் நயினார் பெருமக்களின் வழக்குச் சொற்களைத் திரட்டும் பொருட்டே நாம் அங்குச் சென்றிருந்தோம். எம்மைத் தம் இல்லத்தில் தங்கவைத்து, ஊர் ஊராக அழைத்துச் சென்றவர் முதிய நயினார் ஒருவர், வேளாண் குடியினர். அவருடைய ஊர்தியே நாம் கூறப்போகும் ஜீப்.

அவ்வண்டியின் குலமரபை முதலில் சொல்லிவிடுதல் நன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தார் போர்க்களத்திற்கென்று பெருமளவில் உருவாக்கத் தொடங்கிய ஜீப்பே இதன் மூதாதை. போர் முடிந்த 1945-இல் மகிந்திரா உடன்பிறந்தாரும் மாலிக் குலாம் முகம்மதுவும் கூட்டாக 'மகிந்திரா அண்டு முகம்மது' என்னும் வணிக நிறுவனத்தை நிறுவினர். நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றார். 1951-இல் அந்நாட்டின் தலைமை ஆளுநரும் ஆனார். நிறுவனத்தின் பெயர் 1948-இல் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என மாறியது. அந்நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். பின்னர் இங்கேயே செய்யவும் தொடங்கினர். வனத்துறை, வருவாய்த்துறை, காவல்துறை ஆகியவற்றில் உழைத்து ஓய்ந்த வண்டிகள் ஏலத்தில் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தன. நயினாரின் வண்டியும் அவ்வாறு வந்ததே. அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தனர். மணிலா மூட்டை ஏற்றிச் செஞ்சி விற்பனைக் கூடத்திற்குச் செல்லவும், தேர்த் திருவிழா நாட்களில் தண்ணீர்ப் பீப்பாய் இழுக்கவும் அதுவே துணை.

அவ்வண்டியில் ஏறி அமர்ந்ததும் எம் காதில் முதலில் விழுந்தது அந்த லொடலொடப்பு. ஓட்டுநரின் வலப்பக்கமோ இடப்பக்கமோ அன்று; நடுவே, தரையிலிருந்து அது எழுந்தது. ஆங்கே மூன்று கோல்கள் நின்றன. பெரியது கியர் கோல். அதன் அருகே சிறியவை இரண்டு. அவற்றுள் ஒன்று முன்சக்கரங்களுக்கும் ஆற்றலைக் கொடுப்பது. மற்றொன்று வண்டியைச் 'ஹை', 'லோ' என்னும் இருநிலைகளுக்கு மாற்றுவது. இவ்விரண்டும் 'டிரான்ஸ்பர் கேஸ்' எனப்படும் பகிர்வுப் பெட்டியைச் சேர்ந்தவை. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்தளிப்பது இப்பெட்டியின் பணி. 'லோ' நிலையில் வேகம் ஏறக்குறையப் பாதிக்கும் குறையும். இழுவை அந்த அளவுக்குப் பெருகும். சேற்றிலும் செங்குத்தான ஏரிக்கரையிலும் மனிதனைக் கைவிடாத நிலை அது.

எஞ்சின் முழங்கும்போது அச்சிறு கோல்கள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. நயினார் ஓட்டியவாறே இடக்கையால் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார், ஓசை அடங்கும். கையை எடுத்தால் மீண்டும் தொடங்கும். யாரோ ஒருவர் கோல்களின் அடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார். அதற்கு மேல் கோணித்துணியும் திணிக்கப்பட்டிருந்தது. இரண்டும் நைந்து போயிருந்தன.

"சத்தம்தானே, வயசான வண்டி" என்று நாம் ஆறுதலாகச் சொன்னபோது, பின்னிருக்கையில் இருந்த அவருடைய மகன் நடந்த ஒன்றைச் சொன்னார். முந்திய ஆண்டுத் திருவிழாவின்போது, தண்ணீர்ப் பீப்பாய்கள் நிறைந்த டிரெய்லரோடு 'லோ' நிலையில் ஏரிக்கரை ஏறிக்கொண்டிருந்த வண்டியில், அந்தக் கோல் தானாகவே துள்ளி நடுநிலைக்கு வந்துவிட்டதாம். எஞ்சின் வீறிட்டது, சக்கரங்களுக்கு ஆற்றல் இல்லை. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. கரையின் கீழே சிறுவர்கள் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தனர். நயினார் கைப்பிரேக்கை இழுத்ததாலும், மகன் குதித்து இறங்கிச் சக்கரத்தின் பின் கல்லை இட்டதாலும் வண்டி நின்றது. "அன்னைக்கே காயலான் கடைக்குப் போட்டுடலாம்னு சொன்னேன், அப்பா கேக்கல" என்றார் மகன். நயினார் ஒன்றும் மறுமொழி கூறவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கற்போர் கருத வேண்டும். பகிர்வுப் பெட்டியின் கோலுக்கு 'ஹை'க்கும் 'லோ'வுக்கும் இடையே நடுநிலை ஒன்று உண்டு. கோல் அங்கு நின்றுவிட்டால், எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே உறவே இல்லை. கியர்க் கோல் முதல் கியரில் கிடந்தாலும் பயனில்லை. கியரில் போட்டுவிட்டேன், வண்டி நகராது என்று நம்பி மேட்டில் இறங்கிச் செல்பவருடைய நம்பிக்கை பொய்க்கும் இடம் இது. அவ்வகை ஜீப்பில் கைப்பிரேக் டிரம், பகிர்வுப் பெட்டிக்குப் பின்னால், பின்னச்சுக்குச் செல்லும் தண்டில் அமைந்திருப்பதால், அது மட்டும் பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும். அன்று சிறுவர்களைக் காத்தது அந்த அமைப்பே. ஆதலின் நாம் கேட்ட லொடலொடப்பு வெறும் ஓசையன்று; ஓர் எச்சரிக்கை. அதைச் சைக்கிள் டியூப்பால் கட்டி வாய்மூடச் செய்திருந்தனர்.

செஞ்சியில் பாய் ஒருவர் பழைய ஜீப்புகளுக்கு மட்டுமே மருத்துவம் பார்க்கிறார் என்று கேள்வியுற்று, மறுநாள் வண்டியை அங்கே கொண்டு சென்றோம். அறுபதைக் கடந்தவர். பெயர்ப்பலகை இல்லாத பட்டறை. நயினாருக்கும் அவருக்கும் பழைய பழக்கம்.

"பாய், இந்தச் சத்தம் நின்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார் நயினார்.

"சத்தத்த நிறுத்துறது ஒரு நிமிஷ வேலை நயினாரே. அது சொல்ற சேதிய யாரு கேக்குறது?" என்றார் பாய்.

பின்னர் அவர் செய்த முதற்செயல் எம்மை வியக்கவைத்தது. எந்தக் கருவியையும் அவர் தொடவில்லை. தரைத்தகட்டை மட்டும் கழற்றிவிட்டு, கோல்கள் பெட்டியோடு சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகனிடம் கோலின் குமிழை மெல்ல ஆட்டச் சொன்னார். விரலை இடம் மாற்றி மாற்றி வைத்தார். எங்கே ஆட்டம் என்பதை விரலே அவருக்குச் சொல்லியது. 'ஆட்டம்' என்பதே பட்டறை வழக்கு. மூட்டு நெகிழ்ந்து உண்டாகும் வெற்றசைவுக்கு இதைவிடச் சிறந்த சொல் எந்நூலில் உண்டு?

ஆட்டம் நான்கிடங்களில் பிறக்கலாம் என்று அவர் விளக்கினார். கோல்கள் இரண்டும் ஒரே முளையில் கோக்கப்பட்டு ஊசலாடுபவை. அம்முளையும், அது புகும் துளையும் தேயலாம். இது முதலாவது. கோலின் கீழ்முனை உருண்டையாகி, உள்ளே இருக்கும் தண்டின் பள்ளத்தில் அமரும், அவ்வுருண்டை தேயலாம். இது இரண்டாவது. கோல்களை அமுக்கிப் பிடித்து அதிராமல் காக்கும் சிறு வில்கள் உண்டு; அவை சோர்ந்தோ விழுந்தோ போகலாம். இது மூன்றாவது. நான்காவது இன்னும் உள்ளே: தண்டை அதன் நிலையில் நிறுத்துவது ஓர் எஃகுக் குண்டும் அதன் மேல் அமர்ந்த சுருள்வில்லும். தண்டில் உள்ள குழியில் குண்டு விழுந்து அமர்ந்தால்தான் 'கியர் விழுந்தது' என்று கை உணரும். அவ்வில் வலுவிழந்தால் பாரம் ஏறும்போது குண்டு குழியை விட்டு எழும்; கோல் துள்ளும்.

"மொத மூணும் சத்தம். நாலாவதுதான் ஆபத்து. ஆனா மொத மூணு இருக்கிற வரைக்கும் நாலாவது இருக்கிறதே தெரியாது" என்றார் பாய்.

இத்தொடரை நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். ஆட்டம் கண்ட கோலைப் பிடித்திருக்கும் கைக்கு, உள்ளே கியர் முழுதும் விழுந்ததா, பாதியில் நிற்கிறதா என்பது புலப்படாது. கோல் ஒன்றைச் சொல்லும். உள்ளே நடப்பது வேறாக இருக்கும். சொல்லும் பொருளும் பிரிந்த நிலை இது. அச்சிறு மூட்டில் கெட்டுப்போயிருந்தது இரும்பு மட்டுமன்று; கைக்கும் எந்திரத்துக்கும் இடையே இருந்த நம்பிக்கையும்.

முளையை வெளியே எடுத்தபோது அதன் ஒருபுறம் நாக்குப்போல் தேய்ந்திருந்தது. கோலின் துளையோ வட்டம் இழந்து முட்டை வடிவாகியிருந்தது. தேய்மானம் ஏறக்குறைய ஒரு நூல். பட்டறையில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முளையிலிருந்து கோலின் கீழ்முனை சில அங்குலமே. மேல்முனை அதைப்போல் பல மடங்கு நீளம். ஆகவே கீழே ஒரு நூல் தேய்ந்தால் மேலே குமிழ் ஒரு விரற்கடைக்கு ஆடும். ஒரு நூல் என்று அவர் சொன்னபோது எமக்கு வேறொன்று நினைவில் எழுந்தது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் சமணரே. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் நேராக்குவது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பதே நூல் என்று அப்பெருநூலின் பாயிரம் உவமை கூறும். புத்தகத்துக்கும் தச்சுக்கயிற்றுக்கும் அளவைக்கும் ஒரே பெயரைச் சூட்டிய மொழி, கைத்தொழிலையும் கல்வியையும் வேறாகக் கருதவில்லை போலும்.

இத்தேய்மானம் எவ்வாறு நேர்ந்தது என்று வினவினோம். முதுமை ஒரு காரணம். கிரீஸ் இடாமை மற்றொன்று. டீசல் எஞ்சினின் அதிர்வு மூன்றாவது. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றை அவர் சொன்னார். முன்சக்கர இணைப்பைப் போட்டுவிட்டுத் தார்ச்சாலையில் ஓட்டுவது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தொலைவு செல்வதில்லை. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இயலாது. இவ்வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் பகிர்வுப் பெட்டியில் இறுகப் பிணைக்கப்படுவதால், அவ்வேறுபாடு தண்டுகளில் முறுக்காகச் சேரும். முறுக்கேறியபின் கோலை எடுக்க வராது. அப்போது சிலர் காலால் உதைப்பர். உதைக்க உதைக்க முளை தேயும், கோல் வளையும். "கொஞ்சம் பின்னால எடுத்தா முறுக்கு தானா அவுந்துடும். கோல் விரல்லயே வரும். ஆனா மனுஷனுக்குப் பின்னால போறதுன்னா மானக்கேடு" என்று சொல்லிச் சிரித்தார் பாய்.

வேலை இரண்டு நாள் நடந்தது. கோல்கள் லேத்துப் பட்டறைக்குச் சென்றன. முட்டை வடிவான துளையை வட்டமாகக் கடைந்து, அதில் கன்மெட்டல் புஷ் அடித்து, உள்விட்டத்தை ரீமரால் சமன் செய்தனர். அதற்கு ஒத்த புதிய முளையை எஃகில் கடைந்தனர். முளை தடையின்றி நுழைய வேண்டும். ஆனால் ஆடக் கூடாது. தேய்ந்த கீழ்முனையில் வெல்டிங்கால் உலோகம் ஏற்றி, அரத்தால் அராவி, பள்ளத்தில் பொருத்திப் பார்த்து, மீண்டும் அராவினார் பாய். இவ்வேலையை மட்டும் அவர் எவரிடமும் கொடுக்கவில்லை. ஒரு முறை கூடுதலாக அராவிவிட்டால் பழைய ஆட்டமே திரும்பும். குறைவாக அராவினால் கோல் சிக்கும்.

பின்னர் பெட்டியின் முன்மூடியில் இருந்த திருகுகளைக் கழற்றி, சுருள்வில்லையும் குண்டையும் காந்தத்தால் எடுத்தார். வில் ஒன்று சுருங்கிக் குட்டையாகியிருந்தது. புதிய வில்லோடு பக்கத்தில் நிறுத்திக் காட்டியபோதுதான் வேறுபாடு தெரிந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புதிய வில்லும் குண்டும் இட்டார். கோல்களை அமுக்கும் வில்களையும் மாற்றினார். கியர்ப் பெட்டியைத் தாங்கும் ரப்பர் தாங்கியையும் நெம்பிப் பார்த்தார். அது வெடித்திருந்தது. அது தளர்ந்தால், இழுவை ஏறும்போது பெட்டி முழுவதும் சாய்ந்து, தரையில் இடித்த கோலைத் தானே வெளியே தள்ளும் என்பது அவர் கருத்து. அதையும் மாற்றினார். இறுதியில் முளைக்குக் கிரீஸ் ஏற்றினார்.

பூட்டி முடித்தபின் ஒரு சோதனை. முன்சக்கர இணைப்பைப் போடாமலே 'லோ'வுக்கு மாற்றிப் பார்க்குமாறு மகனிடம் கூறினார். கோல் நகரவில்லை. இரு தண்டுகளுக்கும் இடையே ஒரு சிறு பூட்டு உண்டு. முன்சக்கரங்களும் சேர்ந்து சுமக்காமல் 'லோ'வின் பெருவலிமை பின்னச்சின்மேல் மட்டும் விழுந்தால் அது முறிந்துவிடும் என்பதால் வடிவமைத்தோர் வைத்த காப்பு அது. முன்னிணைப்பைப் போட்டபின் கோல் 'டக்'கென்று விழுந்தது. அந்த 'டக்' என்னும் ஓசையைக் கேட்டதும் நயினாரின் முகம் மலர்ந்ததை நாம் கண்டோம். ஓடும்போது மாற்றலாகாது, வண்டி முழுதும் நின்றபின்னரே 'லோ' போட வேண்டும் என்பதையும் பாய் மகனுக்கு இருமுறை சொன்னார்.

வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்னும் வழக்கு தந்தைக்கும் மகனுக்கும் இடையே அதுவரை தீர்ந்திருக்கவில்லை. காயல் மக்களின் வாணிகத்தால் வந்த பெயர் இது என்பர். பழையதற்கும் ஒரு விலை உண்டு என்று கண்டவர்கள் அவர்கள். மகனின் அச்சம் பொய்யன்று. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது ஐந்தாண்டுக்கே செல்லும். அதற்கு வண்டி தகுதியுடையதாய் இருத்தல் வேண்டும். பழுதோடு ஓடும் வண்டியைப் பாசத்தின் பேரால் வைத்திருத்தல் பிறர் உயிரோடு விளையாடுவதாகும். இதில் நாம் மகனின் பக்கமே. ஆயினும் பழுது வேறு, முதுமை வேறு. ஒரு நூல் தேய்மானத்தை முதுமை என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவது எளிது. விரல் வைத்து இடத்தைக் கண்டறிவதே அரிது. பாய் அதை வாதமாகச் சொல்லவில்லை. தேய்ந்த முளையையும் புதிய முளையையும் மகனின் இரு உள்ளங்கைகளிலும் வைத்தார். "இவ்வளவுதான் தம்பி வித்தியாசம். உங்க அப்பாருக்குக் கோவம் வந்ததும் இதனாலதான், உங்களுக்குப் பயம் வந்ததும் இதனாலதான்" என்றார்.

பட்டறையின் வாயிலிலிருந்து பார்த்தால் இராசகிரியின் உச்சி தெரிகிறது. சிவாஜி 1677-இல் கைப்பற்றியதும், முகலாயப் படை பல்லாண்டு முற்றுகைக்குப்பின் 1698-இல் கைக்கொண்டதும், பிரெஞ்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் ஆண்டதுமான கோட்டை அது. மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் பெயரில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. அரசர்கள் விட்டுச் சென்ற கல்லைக் காக்க உலகம் முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதே மலையின் அடிவாரத்தில், விரல் நுனியால் ஆட்டம் அறியும் கலையைக் காக்க எப்பட்டியலும் இல்லை. பாயின் மக்கள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். கற்க எவரேனும் வருகின்றனரா என்று கேட்டோம். "வராங்க. ரெண்டு மாசத்துல கழட்டக் கத்துக்குவாங்க. தொட்டுப் பாக்க ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் யாரு இருக்கா?" என்றார்.

மாணவச் செல்வங்கள் இதனை எந்திரவியல் பாடமாக மட்டும் கருதலாகாது. நம் வாழ்விலும், நிறுவனங்களிலும், உறவுகளிலும் லொடலொடக்கும் மூட்டுகள் பல உள. அவ்வோசை எரிச்சலூட்டும்போது துணியைத் திணிக்கவே மனம் விழைகிறது. துணி திணித்தோர் பழுதை நீக்கியவர் அல்லர், பழுதைக் கேளாதவர். ஓசை எழும் இடம் ஒன்று, ஆபத்து உறையும் இடம் மற்றொன்று என்பதையும், முன்னதைச் சீராக்கினால்தான் பின்னது புலப்படும் என்பதையும் அப்பட்டறையில் நாம் கற்றோம்.

இவ்வாண்டுத் தேர்த் திருவிழாவில் அந்த வண்டி மீண்டும் தண்ணீர் இழுத்தது என்று மேல்சித்தாமூரிலிருந்து செய்தி வந்தது. ஏரிக்கரை ஏறும்போது வண்டியை ஓட்டியவர் மகன். திங்கள்தோறும் முளைக்குக் கிரீஸ் இடும் பொறுப்பும் இப்போது அவருடையதே.